தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலச் சொல்வளம் சேர்ப்பது எப்படி? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு வழிகாட்டி

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பஸ்ஸில் பாதித் தமிழ் பாதி மலையாளம், அரசு ஆபீசில் முழு மலையாளம், கல்லூரிக்குப் போனதும் முழு ஆங்கிலம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் கதை. வேலைக்குச் சேர்ந்த பிறகு, மேல்படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினேன். முதல் தடவை எழுத்துப் பகுதியில் 9-க்கு 5.5. இரண்டு வருஷம் கழித்து அதே பகுதியில் 7. இடையில் வீணான பணத்தையும் மாதங்களையும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓரளவு ஆங்கிலம் படிக்க வரும், சின்ன வாக்கியங்கள் எழுத வரும், அதற்கு மேல் நகர முடியவில்லை என்பவர்களுக்கான வழிகாட்டி இது. இலக்கணம் இதில் இல்லை. சொல் மட்டும்தான்.

1. நீங்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை எடுத்து, 100 சொல் எண்ணி ஒரு கோடு போடுங்கள். தெரியாத சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயரை விட்டுவிடலாம். மூன்று நாள், மூன்று தலையங்கம் இப்படிப் பாருங்கள்.

100-க்கு இரண்டு வட்டம் என்றால் தாராளமாகப் படித்துக்கொண்டே போகலாம், புதுச் சொல்லின் பொருளை வாக்கியமே காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு என்றால் அகராதியும் கையுமாகப் படிக்க வேண்டியிருக்கும். இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். பத்துக்கு மேல் போனால் தலையங்கத்தை இப்போதைக்கு வைத்துவிடுங்கள். அடிக்கடி வரும் முதல் 2,000, 3,000 சொற்களில்தான் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் மேலே போனால் எதுவும் நிற்காது.

100-க்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு நானாகச் சொல்வதில்லை. பால் நேஷன் என்ற மொழியியல் பேராசிரியர் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னது: ஆங்கில நாவலையோ நாளிதழையோ அந்த அளவுக்குப் பிறர் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கல்லூரி வரை வந்துவிட்ட உங்களிடம் அதில் கணிசமான பகுதி ஏற்கெனவே இருக்கும்.

2. அகராதி: இங்கேதான் எல்லைப்புறத்துக்காரர்கள் ஏமாறுகிறோம்

எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருந்தது ஆங்கிலம்–மலையாளம் அகராதி. மலையாளம் ஓரளவு படிப்பேன் என்பதால் அதையே எடுத்துவந்து ஒரு வருஷம் வைத்திருந்தேன். 'ஆப்பர்சூனிட்டி' என்ற சொல்லுக்கு எதிரே 'அவசரம்' என்று போட்டிருந்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நான் தமிழில் படித்துக்கொண்டேன், அவசர வேலை என்று. 'எமோஷன்' என்பதற்கு 'விகாரம்' என்று இருந்தது. அங்கே அது உணர்ச்சி. நமக்கு விகாரம் என்றால் அருவருப்பான தோற்றம். 'டிஃபிகல்ட்டி' என்பதற்குப் 'பிரயாசம்'. நமக்கு அது முயற்சி, அவர்களுக்குக் கஷ்டம். எழுத்து தெரியும், சொல்லும் பழகினது மாதிரியே இருக்கும், அதனால் சந்தேகமே வராது. ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள் தெலுங்கு அகராதி வைத்திருந்தால் இதே குழிதான். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஒரே சொல், மூன்று மொழியில் மூன்று பொருள்.

அதனால் பக்கத்து மொழி அகராதி வேண்டவே வேண்டாம். ஆங்கிலம்–தமிழ் அகராதியை ஒரு தடவை, பொருளின் முகத்தைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். தினசரி வேலைக்கு வேண்டியது, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. சாதாரண அகராதியில் ஒரு கடினச் சொல்லுக்கு வேறு இரண்டு கடினச் சொல்லைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். கற்பவர் அகராதி 2,000 முதல் 3,000 எளிய சொற்களுக்குள்ளேயே பொருளைச் சொல்லிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். உச்சரிப்பைக் கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பல சொற்களுக்கு அருகில் பி2, சி1 என்று நிலை போட்டிருப்பார்கள் (ஏ1 தொடக்க நிலை, சி2 உச்ச நிலை). நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த இரண்டு நிலைகளில்தான் கிடக்கிறது.

அச்சுப் புத்தகமே வேண்டும் என்றால் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். எனக்கு 250 ரூபாய்க்குக் கிடைத்தது. பத்து, பதினைந்து வருஷம் பழைய பதிப்பானாலும் பாதகமில்லை. வாங்குமுன் எம், எஸ் எழுத்துப் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு கட்டு கழன்றுபோன அகராதிகள் நிறைய வரும்.

நூலகத்தில் சேர ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துப் போங்கள். ஊர் வாயனசாலையில் செலவு மிகக் குறைவு. கோவையில் சேர நினைத்தால், கேரள முகவரியுள்ள ஆதாரை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போய், எல்லையிலுள்ள வாளையார் வழியாக வெறுங்கையோடு திரும்பி வந்தவள் நான்.

3. நோட்டில் எதை எழுதுவது

200 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

முதல் விதி: ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது வாசிக்க வசதிக்காக. உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்துதான் இருக்க வேண்டும். 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது முதுகா, மூட்டை கட்டுவதா என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து நீங்களே குழம்புவீர்கள். உச்சரிப்பைக் காதால் கேட்டு, எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அதன் கீழே கோடு போட்டால் போதும். நுட்பமான என்ற பொருளுள்ள 'சட்டில்' என்ற சொல்லில் ஒரு பி எழுத்து உண்டு, ஆனால் ஒலிக்காது. நான் கல்லூரி முழுக்க 'சப்டில்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திருத்தவில்லை.

இரண்டாவது: பொருளை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்தச் சொல் யாரோடு சேரும் என்பதையும் எழுதுங்கள். நம் மொழியிலேயே பாருங்கள். மழை கொட்டும், வெயில் கொளுத்தும், காற்று வீசும். 'வெயில் கொட்டுகிறது' என்று ஒருவர் சொன்னால் தமிழ் புதிதாகப் படிக்கிறவர் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். டீ 'ஸ்ட்ராங்' ஆக இருக்கலாம், 'பவர்ஃபுல்' ஆக இருக்காது. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். சொல்: மிட்டிகேட். வகை: வினை. தமிழில் ஒரே வரி: தீங்கின் கடுமையைக் குறைத்தல். சேரும் சொற்கள்: ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ், எஃபெக்ட்ஸ். குடும்பம்: மிட்டிகேஷன். எதோடு குழம்பும்: 'மிலிடேட்', அது 'அகெயின்ஸ்ட்' என்பதோடு வரும், பொருள் முற்றிலும் வேறு. எங்கே பார்த்தேன்: வெள்ளத் தடுப்பு பற்றிய தலையங்கம். கடைசியில் என் சொந்த வாக்கியம். எங்கள் கிழக்குப் பாலக்காடு மழை குறைந்த பகுதி என்பதால், தென்னைக்குச் சொட்டுநீர் போட்டது வறட்சியின் பாதிப்பை மிட்டிகேட் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அதே பக்கத்தில் இன்னொரு வரி சேர்ந்தது: வலி, வறுமை, துன்பம் என்றால் 'அலீவியேட்' நன்றாகப் பொருந்தும். இப்படி ஒரு பக்கம் மெல்ல மெல்ல நிறைய வேண்டும். ஒரே உட்காரலில் நிரப்பினால் அது பார்த்து எழுதினதாகத்தான் இருக்கும்.

சொந்த வாக்கியம் உங்கள் வீடு, தோட்டம், வேலை, பஸ் பயணம் பற்றியதாகவே இருக்கட்டும். பார்த்திராத பனியையும் குளிர்கால நெருப்பையும் பற்றி எழுதினால் மறந்துபோகும்.

4. எந்தச் சொற்களை முதலில் எடுப்பது

புத்தகக் கடைகளில் கிடைக்கும் 'மிகக் கடினமான சொற்கள்' பட்டியல்களைத் தொட வேண்டாம். அதில் பாதியை ஆங்கிலேயரே வாழ்நாளில் எழுதியிருக்க மாட்டார்கள்.

கல்விக்கான சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆவரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது, 570 சொற்குடும்பங்கள். பல்கலைக்கழகப் பாடநூல், ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் சுமார் 10 சதவீதச் சொற்கள் இந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பத்துப் பிரிவாகப் பிரித்து, அடிக்கடி வருவதை முதலில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து குடும்பம், ஞாயிறு விடுமுறை என்றால் வாரத்துக்கு 30. 19 வாரத்தில் பட்டியல் முடியும். தினமும் 40 நிமிடம் ஒதுக்கினால் போதும். ஐந்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். நான் 20 என்று ஆரம்பித்துப் பத்தாம் நாள் மொத்தமாக நிறுத்திவிட்டேன்.

அது முடிந்த பிறகு உங்கள் துறை. நர்சிங் படித்தவர் நோய், சிகிச்சை பற்றிய கட்டுரைகள், கணக்குப் படித்தவர் வணிகப் பக்கம், ஆசிரியர் கல்விச் செய்திகள் என்று பிரிந்துகொள்ளலாம்.

5. பத்திரிகை அட்டையும் ஐந்து டப்பாவும்

எழுதி வைத்த சொல் தானாக நினைவில் நிற்காது. திரும்பப் பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டும். வீட்டில் குவிந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து நான்காக வெட்டுங்கள். வெறுமையான பக்கத்தில், அந்தச் சொல் வரும் இடத்தைக் காலியாக விட்டு உங்கள் சொந்த வாக்கியத்தை எழுதுங்கள், அச்சடித்த பக்கத்தின் ஓரத்தில் விடையை எழுதுங்கள். சொல்லை முன்னால் எழுதிப் பொருளைப் பின்னால் எழுதுவதைவிட இது நல்லது, ஏனென்றால் நமக்குத் தேவை பேனா பிடிக்கும்போது சொல் வருவது.

ஐந்து டப்பா வையுங்கள். புது அட்டை முதல் டப்பாவில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு வாரம், பதினைந்து நாள், மாதம். எங்கே தவறினாலும் அட்டை முதல் டப்பாவுக்கே திரும்பும். இரக்கம் காட்டாதீர்கள், 'தெரியும் மாதிரிதான் இருந்தது' என்றால் தெரியாது என்றே அர்த்தம். போனில் செய்ய விரும்பினால் அன்கி என்ற செயலி இந்த வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. வேலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அதுதான் துணை. ஆனால் அடுத்தவர் செய்துவைத்த அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள். அட்டையை எழுதுவதிலேயே பாதி மனதில் ஏறிவிடுகிறது.

6. நாம் தமிழில் பேசும் ஆங்கிலத்தை நம்ப வேண்டாம்

தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் அதிகம் காலை வாருகிறது. 'அவனுக்கு ஹெட்வெயிட்' என்கிறோம். அது தலைக்கனத்தின் நேர் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை, 'அரகன்ட்' என்பார்கள். 'ஐ ஹேவ் எ டௌட்' என்று வெளிநாட்டுப் பேராசிரியரிடம் சொன்னால், நீங்கள் அவர் சொன்னதை நம்பவில்லை என்று நினைப்பார், 'குவெஸ்சன்' என்று சொல்லுங்கள். 'பாஸ் அவுட்' என்றால் அங்கே மயங்கி விழுவது. சாப்பிட மட்டும் போகும் இடம் 'ரெஸ்டாரன்ட்', 'ஹோட்டல்' இல்லை. நாம் போவது 'வெட்டிங்', அதற்குப் பிறகு அவர்கள் வாழ்வது 'மேரேஜ்'. 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபௌட்' சேராது. 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் போடுவதற்கு 'ரிப்ளை' போதும்.

நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். வீட்டிலும் ஆபீசிலும் காதில் விழும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு மாதத்தில் அறுபது சேர்ந்தது.

7. வேர்ச்சொல் உதவும், ஆனால் உறுதி செய்துகொள்ளுங்கள்

'ஸ்பெக்ட்' என்றால் பார்த்தல். இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ரெட்ராஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட் எல்லாம் ஒரே வேர். 'டிக்ட்' என்றால் சொல்லுதல்: ப்ரிடிக்ட், கான்ட்ரடிக்ட், வெர்டிக்ட். இப்படி இருபது, முப்பது வேர் தெரிந்தால் நல்ல பலன்.

வாளையாரில் வரிசையாக நிற்கும் பெட்ரோல் டாங்கர்களின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்' என்றால் இல்லை என்று படித்திருந்த நான், தீப்பிடிக்காதது என்றுதான் நெடுநாள் புரிந்துவைத்திருந்தேன். எளிதில் தீப்பிடிப்பது என்று பொருள். 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பில்லாதது என்று ஆகாது, விலைமதிக்க முடியாதது. வேரை வைத்து ஊகியுங்கள், பிறகு அகராதியைத் திறந்து பாருங்கள்.

8. எழுதியதைத் திருத்த ஒரு ஆள்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது மாதமே ஆளைத் தேடுங்கள்.

முதல் தேர்வுக்கு முன் நான் சேர்ந்த கோச்சிங் சென்டரில் 45 நாளுக்கு 12,000 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்தது ஆயிரம் சொல்லின் ஜெராக்ஸ் கட்டு. அதில் 'நோட்டோரியஸ்' என்பதற்கு எதிரே 'பேர்போன' என்று இருந்தது. எங்கள் சித்தூர் தாலுகா தென்னைக்கு நோட்டோரியஸ் என்று கட்டுரையில் எழுதினேன். அங்கே திருத்தியவர் டிக் போட்டுக் கொடுத்தார். தேர்வில் தோற்ற பிறகு, ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் அந்தக் கட்டுரைகளைக் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "ஏம்மா, உன் ஊர் மேல உனக்கு என்ன கோபம்?" என்றார். எனக்குப் புரியவில்லை. "கெட்ட பேர் வாங்கினவனைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. நல்லதுக்கு ஃபேமஸ், ரினௌன்டு, ஏதாவது போடு" என்று சொல்லி, அதே பக்கத்தில் பதினோரு இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். எல்லாமே கடினமான சொற்கள், எல்லாமே தவறான இடத்தில். பொருள் தெரிந்திருந்தது, அதன் நிறம் தெரியவில்லை.

அவரிடம் வாரம் ஒரு கட்டுரை, எட்டு மாதம் போனேன். காசு வாங்கவில்லை. "சார், ஏதாவது வாங்கிக்கங்க" என்று வற்புறுத்தினால் வாயனசாலைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொல்வார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். 250 சொல்லில் ஒரு கட்டுரை, அதில் அந்த வாரம் கற்றதில் நான்கைந்து சொல் போதும். அதற்கு மேல் திணித்தால் வாக்கியம் மூச்சு முட்டும்.

கோச்சிங் போகத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை கட்டுரை திருத்துவீர்கள்? ஏன் தவறு என்று எழுதிக் கொடுப்பீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. தேர்வு எழுதுகிறவர்களுக்கு: காகிதம், காசு, காலம்

ஐஇஎல்டிஎஸ் எழுத்திலும் பேச்சிலும் நான்கு அளவுகோலில் ஒன்று சொல்வளம், ஆக மதிப்பெண்ணில் கால் பங்கு. எழுத்துக்கு 60 நிமிடம், குறைந்தது 150 சொல்லில் ஒன்று, குறைந்தது 250 சொல்லில் ஒன்று. பேச்சு 11 முதல் 14 நிமிடம். மனப்பாடம் செய்த கட்டுரையைத் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார், மதிப்பெண் போய்விடும்.

கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. தோற்றால் திரும்பக் கிடைக்காது. அதனால் பட்டியலை முடித்து, எழுதித் திருத்தி, தலையங்கத்தில் வட்டம் இரண்டாகக் குறைந்த பிறகே தேதி எடுங்கள். என் அனுபவத்தில் அதற்கு ஒரு வருஷம். மதிப்பெண் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கோவையிலும் கொச்சியிலும் மையம் இருக்கிறது. காலை முதல் பஸ்ஸை நம்பாமல் முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது.

ஆதாரை வைத்து எழுத முடியாது, அசல் பாஸ்போர்ட் வேண்டும். இல்லாதவர்கள் இன்றே விண்ணப்பியுங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய், போலீஸ் விசாரணைக்குச் சில வாரம் விட்டுவையுங்கள். அப்புறம் நம் இனிஷியல் பிரச்சினை. பள்ளிச் சான்றிதழில் 'எம்.' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். சான்றிதழைப் பார்த்துப் போட்டுவிட்டு, தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மையத்துக்குப் போன் மேல் போன் போட்டுப் பெயரைத் திருத்தினேன். அந்த ஐந்து நாளில் ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லை.